அறுவைக்கு முன் ஒரு வேண்டுதல்

மதத்தால் விளைவது தீமையே என்று இருபது ஆண்டுகளாக விவாத மேடைகளில் முழங்கியவன் நான். தன்னை அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போகும் முன் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குங்க. எனக்காக ஒரே ஒரு தடவை சாமிகிட்ட வேண்டிக்கோங்க. என் காதுல விழணும்."

மறுக்க மனம் வரவில்லை. கண்ணை மூடிக் கைகூப்பினேன். பழக்கதோஷம், "மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே!" என்று தொடங்கிவிட்டேன்.

"அடப்பாவி மனுஷா! சாமிகிட்டயும் மேடைப்பேச்சா?"

ஸ்ட்ரெச்சர் குலுங்கச் சிரித்தாள். சிரித்தபடியே உள்ளே போனாள், உயிரோடு திரும்பவில்லை.

மதத்தால் நன்மையா தீமையா என்று இப்போது யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அவள் பயமில்லாமல் போனாள். அது வேண்டுதலாலா, என் அசட்டுத்தனத்தாலா என்பது எனக்கே பிடிபடவில்லை.