பின்னால் போகும் பட்டன்

இருபது டிரைவர்களில் மூன்று பேர்தான் பாடத்தை முடித்திருந்தார்கள். சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரில் அதைப் பார்த்ததிலிருந்து என் வீட்டுக்காரர் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் முதலுதவி சொல்லிக்கொடுத்தவர். வெளியே வந்ததும் ஆளாளுக்கு ஏதாவது வாசலில் காவலுக்கு நிற்கச் சொன்னார்கள். இவர் நாற்பத்திரண்டு வயதில் கல்வியியல் படிக்க உட்கார்ந்தார். பரீட்சைக்கு எங்கள் மகள் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். அப்புறம் ஆன்லைன் பாடம் தயாரிக்கும் கம்பெனியில் மூன்று மாதச் சோதனை வேலை கிடைத்தது. பஸ் டிரைவர்களுக்கான முதலுதவிதான் முதல் பாடம். வேலை நிலைக்குமா, நிலைக்காதா என்று திங்கட்கிழமை சொல்லிவிடுவார்கள்.

"டிரைவருங்களுக்குப் பொறுமையே இல்ல" என்றார்.

"நகருங்க, நான் படிச்சுப் பாக்குறேன்."

நான் தையல் கடை வைத்திருப்பவள். துணி விஷயத்தில் என் கை சோடை போகாது. வெட்டி மீந்த துணியை எடுத்து, திரையில் அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த அவர் கையிலேயே சுற்றினேன். குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் முடிச்சுக்கு வந்தபோது கோட்டை விட்டுவிட்டேன். திரும்பப் பார்க்கலாம் என்றால் வழியில்லை. அதற்குள் கேள்வி வந்து, தப்பாகி, முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டது.

"ஏங்க, பின்னால போற பட்டன் எங்க?"

"எடுக்கச் சொல்லிட்டேன். பட்டாளத்துல ஒரு தடவைதான் சொல்வோம். அடிபட்டுக் கெடக்கறவன் முன்னாடி போய் இன்னொரு தடவை கேக்க முடியுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இந்தக் கட்டு நீங்க கத்துக்கிட்டப்போ எத்தனை தடவை அவுத்துக் கட்டினீங்க?"

"நாப்பது, அம்பது தடவை இருக்கும்" என்று சட்டென்று சொன்னவர், சொன்ன வேகத்திலேயே வாயை மூடிக்கொண்டார். பிறகு கையிலிருந்த துணியைத் தானே அவிழ்த்தார். நானும் அதற்குமேல் சீண்டவில்லை.

திங்கட்கிழமை கூட்டம் கம்ப்யூட்டரிலேயே நடந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, வெட்கத்தை விட்டு ஒட்டுக்கேட்டேன். மேலதிகாரி முப்பது வயதுப் பெண். காரணம் கேட்டாள். பழியை டிரைவர்கள் தலையில் போட்டுவிட்டு இவர் தப்பித்திருக்கலாம்.

"தப்பு அவங்க மேல இல்ல மேடம். நான் பாடம் நடத்தல, உத்தரவு போட்டிருக்கேன்" என்றார்.

அதற்கு அவள், "பத்து நாள் தரேன் சார். பாதிப் பேராவது முடிக்கணும். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வேலை இன்னும் நிச்சயமில்லை. ஆனாலும் சொல்கிறேன், நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டு அவர் அணிவகுத்து வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருக்கவில்லை.

பாடத்தில் பட்டனைத் திரும்பப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ விட்டுப்போன பதினேழு பேரின் எண்ணையும் வாங்கிக்கொண்டு, முதல் ஆளைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"யாரு சார் அந்தப் பாடத்தைப் பண்ணது?" என்று எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தார் அந்த டிரைவர். "சொல்லிக் குடுக்குறாரா, இல்ல ஆளைத் தொரத்துறாரா?"

சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"நான்தாங்க பண்ணேன்" என்றார் இவர். "எந்த இடத்துல விட்டீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவ்வளவுதான், அந்த மனிதர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். எழுத்து சின்னது, பேச்சு வேகம், கட்டுப்போடும் கை கேமராவை மறைக்கிறது. என் வீட்டுக்காரர் எப்போது நாற்காலியை விட்டு எழுந்தாரோ தெரியவில்லை. விறைப்பாக நின்றபடி, தலையை மட்டும் தாழ்த்தி எழுதிக்கொண்டிருந்தார். தாள் நிரம்பியது. அவசரமில்லாமல் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.