நாலாவது தட்டு

"ஒரே ஒரு கண்டிஷன்," என்றான் அவன், கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு.

"நான் சமைக்கணுமா? அப்ப கல்யாணத்தையே நிறுத்திடலாம்."

"அது இல்ல. நீ இதயத்தைப் பத்திப் படிக்கிற பொண்ணு. எங்கப்பாவும் பெரியப்பாவும் எப்படிப் போனாங்கன்னு உனக்குத் தெரியும். அதனால என்னை ஒரு கேஸ் மாதிரி பார்க்கக் கூடாது. டெஸ்ட் எடுங்க, ஸ்கேன் எடுங்கன்னு வாயைத் திறக்கக் கூடாது."

"திறந்தா?"

"அன்னிலேர்ந்து பயந்துக்கிட்டே நீந்தணும். பயந்துக்கிட்டு நீந்துறவன் அடுத்தவனுக்கு என்னத்தைக் கத்துக் கொடுப்பான்?"

அவன் நீச்சல் பயிற்சியாளன். அவனுடைய அப்பா, நன்றாக நீந்தத் தெரிந்தவர், இடுப்பளவுத் தண்ணீரில் போய்ச் சேர்ந்தார். தசை பிடித்துக்கொண்டது என்று ஊர் சொன்னது. பெரியப்பா மாடிப்படி ஏறும்போது, யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டே சரிந்தார். அதற்கு என்ன காரணம் சொல்வதென்று ஊருக்குத் தெரியவில்லை.

"சரி, திறக்க மாட்டேன்," என்று அவள் கையடித்துக் கொடுத்தாள். காதல் கண்ணை மறைத்த நேரம். அந்த வாக்கு தொண்டைக்குள் முள்ளாக நிற்கப் போகிறதென்று அப்போது தெரியாது. அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும்போதெல்லாம் அந்த முள் குத்தும். மாமியார் மட்டும் என்னவாம்? மகன் வீடு திரும்பும்வரை டிவியின் சத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பாள். வாசல் கதவின் ஓசை காதில் விழ வேண்டுமே!

இன்று மாலைக்குள் அவளுடைய விண்ணப்பம் போயாக வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மருத்துவ ஆராய்ச்சிக்கென்று தரும் உதவித்தொகை அது. கிடைத்தால் ஆய்வு தொடரும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் இந்த ஆய்வகத்தில் அவளுக்கு நாற்காலி இல்லை. "இப்ப அரை டாக்டர். அது கிடைச்சா முக்கால் டாக்டர்," என்று காலையில்தான் அவன் கிண்டல் செய்துவிட்டுப் போயிருந்தான்.

அவளுடைய வேலை கேட்பவர்களுக்கு மாயாஜாலம் போல இருக்கும். ஒருவரின் ரத்தத்தை எடுத்து, பல மாதங்கள் குழந்தையைப் போலப் பார்த்து வளர்த்தால், கண்ணாடித் தட்டில் இதயத் தசையாகி அது தானே துடிக்கும். ஓடும்போதும் பயப்படும்போதும் உடம்பில் சுரக்கும் ஹார்மோனை அதன்மேல் ஒரு சொட்டு விட வேண்டும். நல்ல இதயமானால் வேகமாக, ஆனால் சீராகத் துடிக்கும். கோளாறு உள்ளது தடுமாறும். நோயாளிகளின் தட்டுகள் எல்லாமே தடுமாறின. ஒப்பிட்டுக் காட்ட, நோய் இல்லாத நான்கு பேரின் தட்டுகள். விண்ணப்பத்தின் முதல் படமே அதுதான்.

நாலாவது தட்டைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு விழுந்தது. துடித்தது. துடித்தது. நின்றது. அவளும் மூச்சை நிறுத்தினாள். பிறகு யாரோ துரத்துவதுபோல் அடுத்தடுத்து இரண்டு துடிப்பு. மறுபடி நின்றது.

மேடம் எட்டிப் பார்த்தார். அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான். "தட்டுல கிருமித் தொற்று பட்டிருக்கும்மா. நாலாவதைத் தூக்கிட்டு மூணோட அனுப்பு. மீட்டிங் முடிஞ்சு வந்து நான் ஒப்புதல் போடறேன்."

மேடம் போனதும், பக்கத்து மேசைப் பெண், சுருட்டை, தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். முடியால் வந்த பெயர். ரத்தம் சேகரிப்பது அவள் பொறுப்பு. எந்தத் தட்டு யாருடையது என்று வேறு யாருக்கும் சொல்லக் கூடாதென்பது ஆய்வகத்தின் சட்டம். சுருட்டையின் வாய்க்குத்தான் எந்தச் சட்டமும் கிடையாதே.

"தொற்றேதான் அக்கா. பின்ன என்ன, அண்ணன் கல்லு மாதிரி இருக்காரு. அவர் ரத்தத்துல என்ன கோளாறு வந்துடப் போகுது?"

"எந்த அண்ணன்?"

சுருட்டை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எந்த அண்ணன்டி?"

"உங்க வீட்டுக்காரர்தான். ஒருநாள் உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தாரே, நீங்க உள்ள வேலையா இருந்தீங்க. நான் கேக்கவே இல்லக்கா, சத்தியமா. அவரேதான் 'என் ரத்தம் ஆகுமா'ன்னு கையை நீட்டினார்."

"வீட்டுல யாருக்காவது நெஞ்சுக் கோளாறு உண்டான்னு கேட்டியா?"

"கேக்காம இருப்பேனா? இல்லைன்னுட்டார். அப்புறம், 'என் பொண்டாட்டிகிட்ட சொல்லாத, சர்ப்ரைஸ்'னார்."

அவள் எழுந்தாள். அதே ரத்தத்திலிருந்து வளர்த்த மாற்றுத் தட்டை எடுத்தாள். தொற்று இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, சுருட்டை குழாயால் ஒரு சொட்டு விட்டாள். துடித்தது. துடித்தது. நின்றது.

அவனுடைய நெஞ்சில் தலை வைத்துத் தூங்குகிறவள் அவள். அந்த நெஞ்சு மறைத்து வைத்திருந்ததை இந்தக் கண்ணாடித் தட்டு போட்டு உடைத்துவிட்டது.

மேடம் திரும்பி வந்தபோது திரையில் விண்ணப்பம் திறந்தே இருந்தது. "இன்னும் அதை எடுக்கலையா?"

"எடுக்க வேண்டாம் மேடம். அது தொற்று இல்ல."

"பின்ன?"

"என் வீட்டுக்காரர்."

மேடம் சுருட்டையைப் பார்த்தார். சுருட்டை தரையைப் பார்த்தாள். திட்டு விழும் என்று இருவரும் காத்திருந்தார்கள், விழவில்லை.

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"தண்ணிக்குள்ள, மேடம்."

"போன் பண்ணு."

"தண்ணில இருக்கும்போது எடுக்க மாட்டார்."

"அப்புறம் இங்க என்ன பண்றே? ஓடு!"

நீச்சல்குளத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. குளோரின் நெடி மூக்கில் ஏறியது. கரையோரம் ரப்பர் தொப்பிகள் போட்ட மாணவர்கள் வரிசையாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனைக் காணோம்.

"கோச் எங்க?"

"உள்ள இருக்காரு. மூச்சு விடாம அந்தப் பக்கம் வரைக்கும் போய்க் காட்டறேன்னாரு," என்றது ஒரு தொப்பி.

நீலத் தரைமேல் ஒரு கறுத்த உருவம் நழுவிக்கொண்டிருந்தது. பாதிக் குளத்தில் அது மெதுவானது. அலையா, அவனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாணவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அவளுக்கு அந்தக் கைதட்டலே பிடிக்கவில்லை. எதிர்க்கரையை நோக்கி ஓடினாள். ஈரத்தில் செருப்பு வழுக்கியது.

அவன் தலை மேலே வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சிரித்தான்.

"என்ன முக்கால் டாக்டர், அப்ளிகேஷன் போயாச்சா?"

"போகல. எதுக்கு ரத்தம் குடுத்தீங்க?"

சிரிப்பு அடங்கியது. தலையிலிருந்து சொட்டிய நீரைத் துடைக்கக்கூட இல்லை.

"உன்னைக் கேக்க விடாம பண்ணதே நான்தான். அப்புறம் நானே வந்து எப்படிக் கேக்கறது?" என்றான் மெதுவாக. பிறகு, ஊரில் இருக்கும் உறவுக்காரர் ஒருவரை விசாரிப்பதுபோல, "என்ன சொல்லுது அது?" என்றான்.

அவள் மண்டியிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலுக்கடியில் நாடி வேகமாக, ஆனால் சீராக ஓடியது. அது எந்த நொடி நிற்கும் என்று காத்திருந்தாள். அந்த முள் இனி தொண்டையில் தங்காது.

"மெதுவா மேல ஏறி வாங்க," என்றாள். "இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து நெஞ்சைக் காட்டுங்க."