புட்டிங்கில் கிடந்த கல்

மான்செஸ்டரில் அன்றைக்கும் மழையும் புகையும்தான். ஆய்வுக்கூடத்து நடைபாதையில், விளக்கடியில் நின்று, ஈடித் இருட்டறைக் கதவில் காதை வைத்திருந்தாள். உள்ளே அவளோடு வேலை செய்யும் வில்ஃப்ரெட், "இதோ ஒன்னு... இன்னொன்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எப்படி நம்புவாள், கண்ணுகளா? அணு ஒரு கிறிஸ்துமஸ் புட்டிங் என்றுதான் அவள் படித்தது. மெத்தென்ற மாவு முழுக்க நேர்மின்சாரம், நடுநடுவே திராட்சையாக எலக்ட்ரான்கள். ரேடியம் எறிகிற துகள், முன்னே மாட்டிய மெல்லிய தங்கத் தகட்டைத் துளைத்துக்கொண்டு போய்விடணும். மாவில் பட்டதெல்லாம் திரும்பி வருமா? வருகிறது, திரையில் பொறியாக மின்னுகிறது என்கிறான் இவன். அணுவுக்கு நடுவே கல்லுபோலக் கெட்டியாக ஒரு பொட்டு இருக்குமாம், மிச்சமெல்லாம் வெறும் வெளியாம்! அவள் பார்த்தால் மட்டும் திரை கருகருவென்று கிடக்கிறது.

கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் போகும். பொய்யென்று தெரிந்தால் அவளுக்கு எந்த ஆய்வுக்கூடமும் இனிக் கதவு திறக்காது.

"உனக்கு மட்டும் எப்படிப்பா தெரியுது?"

"எனக்குக் கண்ணு இருக்கே, அம்மணி."

மறுநாள் அவன் தேநீருக்குப் போன நேரம் தகட்டைக் கழற்றி ஒளித்துவைத்தாள். தகடு இல்லாமல் எதுவும் திரும்பாது. இப்போதும் பொறி பறக்கிறது என்பானா, பார்க்கலாம்.

அவன் வந்து, இருட்டுக்குக் கண் பழகும்வரை காத்திருந்து, நுண்ணோக்கியில் குனிந்தான்.

"ஒன்னுகூட வரலையே... ஈடித், தகட்ட எடுத்துட்டியா?"

அவள் முகம் சுட்டது. "எடுத்தேன். நீ கதை விடறியோன்னு."

"அடிப்பாவி! ஒட்டுக்கேக்கற உன் செருப்புச் சத்தம் எனக்குக் கேக்காதா? உன் முறை வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் இருட்டுல உக்காரணும்ல? நீ பாட்டுக்கு விளக்கு வெளிச்சத்துல வேவு பாத்துட்டு நேரா வந்து குனிஞ்சா, என்ன தெரியும்?"

ஈடித் தகட்டை மாட்டிவிட்டு, இருட்டில் அசையாமல் உட்கார்ந்தாள். அப்புறம் குனிந்தாள். கறுப்பு, கறுப்பு... ஊசி முனையளவு வெளிச்சம். துகள் திரும்பி வந்தேவிட்டது!

"வில்ஃப்ரெட்."

"என்ன?"

"புட்டிங்ல கல்லு கிடக்குதுப்பா."