காட்டாமல் விட்ட பள்ளம்

அண்ணி சைக்கிள் கற்றுக்கொண்ட சங்கதி எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் வேலை அவருக்கு. காலையில் வண்டிகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, எண்ணெய்க்கறை படிந்த அந்தக் காலி மைதானத்தில் மூன்று மாதம் சுற்றிச் சுற்றிப் பழகியிருக்கிறார். இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு. நாற்பத்தாறு வயதில் இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று டிரைவர்கள் சிரித்திருக்கிறார்கள். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை என்னை அந்த ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் போனில்.

"எந்த ரோடு அண்ணி?" தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"அவரு விழுந்த ரோடுதான். அவரோட சைக்கிள்லயே வரேன். சீட்டை இறக்கி வச்சாச்சு."

கார் பிடித்துப் போகலாம், மலை ஏற்றம் உங்களுக்கு ஆகாது, குளிர் இன்னும் விடவில்லை என்று வாய்க்கு வந்த சாக்கை எல்லாம் சொன்னேன். "அவரு எப்படிப் போனாரோ அப்படியே போய்ப் பாக்கணும். அவ்வளவுதான்" என்று அண்ணி போனை வைத்துவிட்டார்.

அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் நான் சைக்கிளைத் தொடவில்லை. துக்கத்தில் தொடவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடுங்க" என்று ஒரு நாளைக்கு எண்பது தடவை சொல்லி என் தொண்டை தேய்ந்துவிட்டது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "வாரம் முழுக்க மேலயும் கீழயும் போறேன்டா. ஞாயித்துக்கிழமையாவது முன்னாடி போகணும்" என்பான். இருபத்திரண்டு வருடம், மழை கொட்டினால் ஒழிய, ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஊரைத் தாண்டினால் காடு. காடு முடிந்தால் ஏரி. ஏரியை ஒட்டியே மலைக்கு ஏறும் ரோடு, உச்சியில் ஒரு டீக்கடை, அதற்கப்புறம் வேறு வழியாக, ஏரியின் மறுகரையை ஒட்டி, வீடு வரை இறக்கம். வழியில் நாங்கள் பேசிக்கொள்வது கிடையாது. வாரம் முழுக்க மோட்டார் சத்தம் கேட்பவனுக்கும் நோயாளிகளின் முனகல் கேட்பவனுக்கும் அந்த அமைதி சோறு தண்ணீர் மாதிரி.

பேச்சுக்குப் பதில் எங்களுக்குக் கை இருந்தது. இரண்டு பேர் நெருக்கமாக ஓட்டும்போது, பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிறவனின் முதுகையும் பின்சக்கரத்தையும் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் பள்ளமோ கல்லோ வந்தால் முன்னால் போகிறவன் அந்தப் பக்கத்துக் கையைத் தொடைக்குக் கீழே இறக்கித் தரையைக் காட்ட வேண்டும். கத்தக்கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். ஏற்றத்தில் அவன் முன்னால், இறக்கத்தில் நான் முன்னால். எத்தனை பள்ளம், எத்தனை வேர், எத்தனை செத்த அணில்! ஒன்றைக்கூட அவன் எனக்குக் காட்டாமல் விட்டதில்லை. நான் விட்டேன். ஒன்றே ஒன்று.

அந்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியிடம், இரண்டு வருடம் மென்று முழுங்கிய பிறகு, கல்யாணத்துக்குக் கேட்டிருந்தேன். உங்களைக் கூடப்பிறந்தவராக நினைத்துத்தான் பழகினேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணனிடம் நான் சொல்லவில்லை. டீக்கடையில் அவன் வழக்கம்போல ஆரம்பித்தான். "டேய் எக்ஸ்ரே, ஊர்ல இருக்கிறவங்க எலும்பையெல்லாம் பாக்குற. உன்னை ஒருத்தியாவது திரும்பிப் பாத்தாளாடா?" கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். மற்ற நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இறக்கத்தின் மூன்றாவது வளைவில் மரவேர் தாரைப் பெயர்த்து, ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். கை காட்ட நேரம் தாராளமாக இருந்தது. வாங்கட்டும், ஒரு தடவை பல் கிடுகிடுக்கட்டும் என்று நினைத்தேன். என் சக்கரத்தை மட்டும் ஒதுக்கிக்கொண்டு போனேன். இவ்வளவுதான் நான் செய்தது. பின்னால் கேட்ட சத்தத்தை எழுதத் தெரியவில்லை, தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. கழுத்து ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியிருந்தது. என் கூட வேலை பார்ப்பவர்தான் படம் எடுத்தார், நீ வெளியே இரு என்றார், நான் கேட்கவில்லை. திரையில் அந்தக் கழுத்தெலும்பைப் பார்க்க எனக்கு அரை நொடி போதுமாக இருந்தது. மறுநாள் காலை அண்ணன் போய்விட்டான்.

போலீஸ்காரர் எழுதிக்கொண்டே கேட்டார், "யாரு முன்னாடி போனது?" என் வாய் "அண்ணன்" என்றது. அவரும் எழுதிவிட்டார். அதோடு அதுவே உண்மையாகிவிட்டது. பள்ளத்தை மூடச் சொல்லி அண்ணி ரோடு ஆபீசுக்கு நடையாய் நடந்து சண்டை போட்டார். "தம்பி மட்டும் பின்னாடி வரலேன்னா அவரு கேக்க நாதியில்லாம ரோட்டுல கிடந்திருப்பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு எனக்கு அவர் வீட்டில்தான். சட்டைப் பொத்தான் அறுந்தால் தைத்துக் கொடுப்பார். அண்ணனுக்குப் பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு வீடுதான். சொன்னால் அதுவும் போய்விடும். அதனால்தான் ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஞாயிறு காலை அண்ணி அண்ணனின் பழைய ஜெர்கினைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அதன் கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தார். நான் முன்னால் போனேன். அண்ணி தடுமாறி, கம்பியை இறுக்கிப் பிடித்து, மூச்சு வாங்கி, ஆனால் நிற்காமல் வந்தார். காட்டுக்குள் நுழைந்ததும் ஊர்ச் சத்தம் அடங்கியது. ஏரித் தண்ணீர் மரங்களுக்கு நடுவே வருவதும் போவதுமாக இருந்தது. முதல் பள்ளம் வந்தபோது என் இடது கை, என்னைக் கேட்காமலே, கீழே இறங்கியது. பார்த்ததும் எனக்கே திக்கென்றது. அன்றைக்கு எங்கே போயிருந்தது இந்தக் கை? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கியது.

பாதி ஏற்றத்தை நடந்தே ஏறி, டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அடிக்கடி கையை ஏன் தம்பி கீழ காட்டுறீங்க? முதல்ல எதையோ கீழ போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பள்ளம் காட்டும் வழக்கத்தை விளக்கினேன். சொல்லச் சொல்ல அண்ணியின் முகம் மலர்ந்தது.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், என்கிட்ட சொன்னதே இல்ல பாருங்க. அதான் மார்க்கெட்ல எனக்கு முன்னாடி நடக்கும்போதுகூட கையை ஆட்டிக்கிட்டே போவாரு. பைத்தியமான்னு திட்டுவேன்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஊருக்கெல்லாம் கை காட்டின மனுஷன். அன்னைக்கு அவருக்குக் காட்ட முன்னாடி ஒரு ஆளு இல்லாமப் போச்சே."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"எந்த வளைவு தம்பி?"

"மூணாவது. கைப்பிடிச் சுவர் இருக்கும். பள்ளத்தை மூடிட்டாங்க, புதுத் தார் கறுப்பாத் தெரியும்."

"அப்போ நான் முன்னாடி போறேன். நீங்க பின்னாடி வாங்க. நான் காட்டுறேன் உங்களுக்கு."

"இறக்கம் அண்ணி. ஒரு கையை விட்டா..."

"மெதுவாத்தான போகப்போறேன்? வாங்க."

இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டே அண்ணி இறங்கினார். நான் பின்னால் போனேன். முதல் வளைவில் ஒரு கல். அண்ணியின் கை பயந்து பயந்து கம்பியை விட்டு இறங்கியது, தரையைக் காட்டியது, அவசரமாகத் திரும்பி ஏறியது. இரண்டாவது வளைவில் ஒரு வேர். அதற்கும் காட்டினார். மூன்றாவது வளைவு வந்தது. சுவரும் இருந்தது. ரோட்டில் பலகை அகலத்துக்கு ஒரு கறுப்பு ஒட்டு, பள்ளமே இல்லை, வழவழவென்று சமமாக இருந்தது. அண்ணி அதற்கும் கையை இறக்கினார். மற்ற இடங்களில் ஒரு நொடி காட்டியவர், இங்கே தாண்டும்வரை காட்டிக்கொண்டே போனார்.

என்னால் ஓட்ட முடியவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அழுதுருங்க தம்பி. நீங்க அழுது நான் பாத்ததே இல்ல."

"அண்ணி, அன்னைக்கு முன்னாடி போனது நான்."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. "அவருன்னுதான சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். நான்தான் முன்னாடி."

ஏரியில் ஏதோ ஒரு பறவை தண்ணீரைத் தட்டிக்கொண்டு எழும்பியது.

"பள்ளத்தை நீங்க பாக்கல. அப்படித்தான?"

"பாத்தேன்."

"காட்ட நேரம் இல்ல."

அண்ணி எனக்கு வழிவிட்டுக் கேட்டார். தலையை ஆட்டினால் போதும், புதன்கிழமைச் சாப்பாடு அப்படியே இருக்கும். என்னால் ஆட்ட முடியவில்லை.

"இருந்துச்சு. கடையில என்னைக் கிண்டல் பண்ணினான். கோவம். ஒரு குலுங்கு குலுங்கட்டும்னு விட்டேன். சாவான்னு நெனைக்கல அண்ணி. சத்தியமா நெனைக்கல."

அண்ணி கறுப்பு ஒட்டைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். அறைவார் என்று எதிர்பார்த்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெர்கின் கையை இன்னொரு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டார்.

"அவரு உங்க கையைப் பாத்துக்கிட்டேதான் வந்திருப்பாரு, இல்ல?"

"ஆமா அண்ணி."

"கடைசி வரைக்கும்."

"ஆமா."

அண்ணி சைக்கிளைத் திருப்பி, ஏறி, மிதித்தார். நானும் எழுந்து பின்னாலேயே போனேன், நெருக்கமாக, அவர் முதுகையும் பின்சக்கரத்தையும் தவிர வேறெதுவும் தெரியாத அளவுக்கு.

நான்காவது வளைவுக்கு அடுத்து ஒரு பள்ளம் இருக்கும், எனக்குத் தெரியும். அண்ணி அதைப் பார்த்து வளைந்து போனார். கை கம்பியிலேயே இருந்தது. என் முன்சக்கரம் நேராக உள்ளே இறங்கி ஏறியது, பல் கிடுகிடுத்தது. கவனிக்கவில்லையோ என்று நினைத்தேன். அடுத்த பள்ளத்துக்கும் அவர் வளைந்தார், கை இறங்கவில்லை. அதற்கடுத்த கல்லுக்கும் இல்லை.

ஊர் வரும்வரை ஒன்பது பள்ளம். அண்ணி ஒன்றைக்கூடக் காட்டவில்லை, நானும் ஒன்றைக்கூடச் சுற்றிப் போகவில்லை. ஒவ்வொன்றிலும் விழுந்து எழுந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.