சுந்தரவல்லி பார்த்த ஓடை

ஏழு வருஷமாக ஃப்ளோரன்ஸுக்கு அந்த ஓடையைத் தெரியும். பார்த்ததுதான் இல்லை.

மேற்கே, மலையடிவாரச் சுரங்கம் ஒன்றின் கழிவுநீர் கலக்கும் ஓடை அது. மாதம் ஒரு முறை, அவளோடு வேலை பார்த்த ஹென்றி பஸ் பிடித்துப் போய், துணிப்பையில் பாட்டில்களோடு திரும்புவார். அடையாறு ஆய்வுக்கூடத்தில் ஃப்ளோரன்ஸ் அந்தத் தண்ணீரில் பேரியம் குளோரைடு விடுவாள். சுரங்கத்துக் கந்தக உப்பு கலந்திருந்தால் பால் மாதிரி வெளுக்கும். ஒவ்வொரு மாதமும் வெளுத்தது.

ஹென்றி ரிட்டயர் ஆனதும், ஓடைக்குப் போகும் வேலை தனக்குத்தான் என்று புதுச் செருப்புகூட வாங்கிவிட்டாள். அதிகாரி பத்ரிநாராயணனோ, நேற்று சேர்ந்த சுந்தரவல்லியை அனுப்பினார். தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் மகள், எம்.எஸ்ஸி.; தினம் ஒரு புடவை. ஃப்ளோரன்ஸுக்கு வயிறு எரிந்தது.

சுந்தரவல்லி கொண்டுவந்த தண்ணீர் வெளுக்கவே இல்லை. மறுபடி விட்டாள். ஊஹூம்.

ஃப்ளோரன்ஸுக்கு வாயெல்லாம் பல். சோதனைக் குழாயோடு அதிகாரி அறைக்கு ஓடினாள். "சார், இது நம்ம ஓடைத் தண்ணியே இல்ல. மகாராணி எந்தக் கிணத்துல மொண்டாங்களோ!"

கூப்பிட்டதும் வந்த சுந்தரவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஹென்றி சார் பெயிண்ட் அடிச்ச பாறைகிட்டதான் எடுத்தேன் அக்கா. சுரங்க மேனேஜரே கார்ல கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு."

"கார் வேறயா?"

"ஸ்டேஷனுக்கே அனுப்பிட்டாங்க. கெஸ்ட் ஹவுஸ்ல டிபன்கூட..."

ஹென்றியை அங்கே வாட்ச்மேன் விரட்டியதுதான் மிச்சம். இவளுக்கு மட்டும் காரும் டிபனுமா? ஃப்ளோரன்ஸ் பொருமிக்கொண்டே கேட்டாள்: "நீ வர்றது அவங்களுக்கு எப்டிம்மா தெரியும்?"

"நான்தான் முன்னாடியே ட்ரங்க் கால் போட்டேன். சொல்லாம போறது மரியாதை இல்லையே!"

பத்ரிநாராயணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு அவா கழிவுநீர் பம்ப் ஓடித்தோ?"

"ரிப்பேர்னு நிறுத்தியிருந்தாங்க சார். ஒரே அமைதி. தண்ணி கண்ணாடி மாதிரி. அடியில கூழாங்கல்லெல்லாம் தெரிஞ்சுது."

"ரிப்பேராவது மண்ணாவது! கழிவை நிறுத்திட்டு உனக்கு ஓடையைக் காட்டியிருக்கான். அடுத்த மாசம் ஃப்ளோரன்ஸ் போகட்டும். யார்கிட்டயும் மூச்சு விடப்படாது."

"நானும் வரட்டுமா அக்கா?"

"நீ வந்தா காரும் வந்துடும். வேணாம்."

ஹென்றியின் துணிப்பையோடு, புதுச் செருப்போடு, ஃப்ளோரன்ஸ் பஸ்ஸில் போய் இறங்கினாள். துரு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஓடை. குமட்டும் வாடை. பாறையருகே கையை விட்டுத் துழாவினாள். ஆரஞ்சு நிறச் சேறுதான் விரலில் ஒட்டியது. பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பினாள்.

ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் பாலாக வெளுத்தது. பத்ரிநாராயணன் முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார். இனி மாதாமாதம் அவள்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

"நம்ம ஓடை எப்படி இருந்துச்சு அக்கா?" என்று ஆசையாக வந்து நின்றாள் சுந்தரவல்லி.

நம்ம ஓடையாம்!

"அதான் குழாய்லயே தெரியுதே" என்று வெடுக்கென்று சொன்னாள் ஃப்ளோரன்ஸ். கொஞ்ச நேரம் கழித்து, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "அந்தக் கூழாங்கல்லு... என்னா கலரு?"

"வெள்ளை அக்கா. நடுவுல ஒண்ணு ரெண்டு பச்சை."

ஃப்ளோரன்ஸ் குழாயை எடுத்து, தேவைக்கு மேலேயே அழுத்தித் தேய்த்துக் கழுவினாள்.