முகத்தை மறைத்துக் காட்டினார்கள்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் டிவியை எப்போதும் ஊமையாக்கித்தான் வைத்திருப்பார்கள். கன்னத்தைப் பிடித்தபடி என் முறைக்காக உட்கார்ந்திருந்தபோது, திரையில் ஒரு பெண் வாளியைத் தூக்கி ஒரு பெரிய தொட்டிக்குள் எதையோ ஊற்றினாள். அவள் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். கீழே சிவப்புப் பட்டையில், 'குடிநீரில் கலக்கப்படுவது என்ன? வேட்பாளர் பகீர் குற்றச்சாட்டு' என்று ஓடியது. அந்தப் பெண் இடது கையால் ஊற்றினாள். அது என் கை. அதுவரை உயிரை வாங்கிக்கொண்டிருந்த பல் வலி போன இடம் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் என்னிடமே சொன்னார்: "மூஞ்சிய மறைச்சிருக்காங்க பாருங்க. ஒண்ணும் இல்லாமலா மறைப்பாங்க?"

நான் தலையை ஆட்டிவைத்தேன். என் பெயரைக் கூப்பிட்டதும் சீட்டை வலது கையால் நீட்டினேன். பழக்கமில்லாத கை, சீட்டு கீழே விழுந்தது.

நீரேற்று நிலையத்தில் எனக்கு வேலை. பெரிய நிலையங்களில் இதையெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவது நான்தான். அந்த வீடியோ போன கோடையில் எடுத்தது. தண்ணீர் எப்படிச் சுத்தமாகிறது என்று காட்டுவதற்காக, சேனலில் வீடியோ எடிட்டராக இருக்கும் என் தம்பிதான் ஆள் அனுப்பினான். நானும் பெருமை பிடிபடாமல், சிரித்துச் சிரித்து விளக்கம் சொல்லியிருந்தேன். இப்போது ஒரு வேட்பாளர், தன் கட்சிக்கு ஓட்டுப் போடும் தெருக்களின் தண்ணீரில் கரு தங்காதபடி மருந்து கலக்கிறார்கள் என்று மேடையில் பேசிவிட்டார். ஒரே தொட்டி, ஒரே குழாய். எந்த வீட்டு ஓட்டு எந்தச் சின்னத்துக்கு என்று தண்ணீருக்கு யார் போய்ச் சொல்வது? சிரித்துவிட்டு மறந்திருக்க வேண்டிய பேச்சு அது.

வெளியே வந்ததும் தம்பிக்குப் போன் செய்தேன்.

"பயப்படாதக்கா. உன் முகத்த நான்தான் மறைச்சேன். ஓட்டறதுக்குப் படம் இல்லன்னு எல்லாரும் பறந்தாங்க. பழைய ஸ்டாக்ல தேடினா உன்னோடது மட்டும்தான் இருந்துச்சு."

"நான் பேசினதெல்லாம் எங்கடா போச்சு?"

"சத்தத்த எடுத்துட்டோம். அது வேற செய்திக்குப் பேசினது இல்லியா?"

"மூஞ்சி தெரிஞ்சிருந்தா நான் சிரிக்கறதாவது தெரிஞ்சிருக்குமேடா."

அவன் கொஞ்சம் தடுமாறினான். "நாங்களா எதுவும் சொல்லலக்கா. அவர் சொன்னார்னுதான் சொல்றோம். சாயங்காலம் விவாதம் இருக்கு. உங்க இன்ஜினியரையும் கூப்பிட்டிருக்கோம். ரெண்டு பக்கமும் வந்துடும்."

ரெண்டு பக்கமும் வந்தது. திரையில் ஒரு கட்டத்துக்குள் வேட்பாளரின் ஆள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கட்டத்துக்குள் எங்கள் இன்ஜினியர் எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே அளவுக் கட்டம். தண்ணீர்ப் பரிசோதனை முடிவை அவர் வாசிக்கத் தொடங்கியதும் இடைவேளை விட்டார்கள். கடைசியில் நெறியாளர், இரு தரப்பையும் கேட்டீர்கள், முடிவு உங்கள் கையில் என்று கும்பிட்டார். மூன்றாவது கட்டத்தில் நான் ஓயாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். எத்தனை ஊற்றியும் அந்த வாளி காலியாகவில்லை. ஒரு கணம் எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்தது.

என் இடது கையைத் தெருவே அறியும். மாடிப்படியில் கீழ்வீட்டு அக்கா வழிமறித்தாள்.

"நீ கெட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும்மா. மேல குடுக்கறத ஊத்தறே. மருமக முழுகாம இருக்கா, அதான் கேக்கறேன். என்ன கலக்கறீங்க?"

"நானும் அதத்தானக்கா குடிக்கறேன்."

"டிவில ரெண்டு விதமாவும் சொல்றாங்களே" என்றாள். கோபமே இல்லாமல், என் தோளில் கை வைத்துத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் காலையில் பம்ப் ஆபரேட்டர் கூப்பிட்டார். "கேட்ல கூட்டம் நிக்குது மேடம். பவுடர் போட்டா கைய உடைப்பேங்கறாங்க. இன்ஜினியர் போன எடுக்கல. பேசாம லீவ் போட்டுடுங்க."

லீவு போட்டிருக்கலாம். மழை பெய்து ஆறு செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை மருந்தில்லாமல் விட்டால் இந்த வாரமே வாந்தி பேதி வரும். கீழ்வீட்டு மருமகள்தான் முதலில் படுப்பாள். அப்புறம் வேட்பாளர் சொன்னது உண்மையாகிவிடும், சேனலுக்கும் பழைய படத்தைத் தேடும் வேலை இருக்காது. என் கணவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "உசுரவிட வேலை பெருசா?" என்றார். நடந்தே போனேன்.

பின்வாசல் வழியாக ஆபரேட்டர் என்னை உள்ளே விட்டார். தொட்டியைச் சுற்றிக் கம்பிவேலி. வேலிக்கு வெளியே முழுக்கத் தலைகள், தலைக்கு மேல் போன்கள். கூட்டத்துக்கு முன்னால் தம்பி, கேமராக்காரரோடு நின்றிருந்தான்.

"லைவ்க்கா!" என்று கத்தினான். "இன்னைக்கு எதையும் மறைக்கல. நீ பாட்டுக்கு வேலையப் பாரு, ஜனங்களே பாத்துக்கட்டும்!"

நல்லது செய்வதாகவே நினைத்திருந்தான், பாவி.

ஆபரேட்டர் கண்ணையும் சேர்த்து மூடும் முகமூடியை நீட்டினார். பவுடர் டப்பாவைத் திறக்கும்போது அது இல்லாமல் முடியாது. மூக்குவரை ஏற்றியதுமே வேலிப் பக்கம் குரல் எழுந்தது. "மூஞ்சிய ஏன் மூடறே? காட்டு!" அடுத்து பத்துக் குரல். ஒரு கல் தொட்டிச் சுவரில் பட்டுத் தெறித்தது.

முகமூடியைக் கழற்றி ஆபரேட்டரிடமே கொடுத்தேன்.

டப்பாவைத் திறந்ததும் நெடி அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பவுடரை அள்ளி வாளியில் கரைத்தேன். கண் தீயாக எரிந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. கையெல்லாம் பவுடர், துடைக்கவும் வழியில்லை. வேலிப் பக்கம் திடீரென்று அமைதியானது. கேமரா அருகே வரும் சத்தம் கேட்டது.

"அழறா பாரு" என்றாள் ஒருத்தி. "மனசாட்சி உறுத்துது."

"இல்லம்மா, அது பவுடரு... நெடிக்கு... யாராவது மைக்கக் குடுங்க!" தம்பியின் குரல் எங்கோ அமுங்கிக்கொண்டிருந்தது.

வாளியைத் தூக்கினேன். கண்ணீரில் தொட்டியின் விளிம்பு தெரியவில்லை. ஒரு காலால் தரையைத் தடவித் தடவி முன்னால் நகர்ந்தேன். பின்னால் யாரோ ஏறுகிறார்கள் போலிருக்கிறது, கம்பிவேலி கிறீச்சிட்டு ஆடத் தொடங்கியது.