பசை விட்ட கல்யாணச் செருப்புகள்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான மறுநாள் காலை, காபி குடிக்கிற நேரத்தில், ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாளின் உள்ளங்கால்களிலிருந்து நீராவி வரத் தொடங்கியது. காரணம் அக்கம்பக்கம் முழுக்கத் தெரியும். முந்தின நாள் மாப்பிள்ளையின் அத்தை, தன் சுருட்டை முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, அவள் காலைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்: "கல்யாணத்தன்னிக்கு நல்ல ஷூவாப் பாத்துப் போட்டுக்குங்க சம்பந்தி. இந்த வெடிப்பெல்லாம் ஃபோட்டோவுல விழும். இல்லன்னா பின்வரிசையில உக்காந்துக்குங்க, யாரு கேக்கப்போறா?"

யார் கேட்பதாம்! இஸ்திரி மெஷினின் பெடலை வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, இடதைவிட வலது பெரிதாகிப்போன கால் அது. அந்த மிதியில்தான் மகள் சாப்பிட்டாள், படித்தாள், ஆளானாள். பெற்ற பெண்ணின் பக்கத்தில் நிற்க அந்தக் காலுக்கு இல்லாத உரிமை வேறு எந்தக் காலுக்கு? இதை நினைத்துத் தரையை ஒரு மிதி மிதித்தபோதுதான் முதல் ஆவி 'புஸ்'ஸென்று வந்தது.

அதற்கப்புறம் அவள் ஏறி இறங்காத செருப்புக்கடை ஊரில் கிடையாது. எதைப் போட்டாலும் சூட்டில் பசை இளகி, அடிப்பாகம் நாய் நாக்கு மாதிரி தொங்கிவிடும். ஆணி அடித்த ஷூவாக ஒன்று தேடிப் பிடித்தாள். "வலதுக்கு ஒரு சைஸ், இடதுக்கு ஒரு சைஸா? ஜோடியப் பிரிக்க மாட்டேன்க்கா" என்றான் கடைக்காரன். அவள் மிதித்த மிதியில் கடையிலிருந்த அத்தனை பேர் துணியும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி ஆகிவிட்டது. கடைக்காரனின் சட்டைக்கை எவ்வளவு விறைப்பென்றால், ஒரு வாரம் அவனால் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பிறகு கசங்கிய சட்டைக்காரர்கள் சிலர், இவளை யாராவது சீண்டமாட்டார்களா என்று கடை கடையாகப் பின்னாலேயே அலைந்தார்கள்.

"ஒரு மணி நேரம் கோவத்த எறக்கி வையும்மா" என்று மகள் கெஞ்சினாள்.

"எங்கடி எறக்கி வைக்க? அது கால் வரைக்கும் எறங்கித்தான் நிக்குது."

கல்யாணத்தன்று வெறுங்காலோடு மண்டபத்துக்குள் நுழைந்து, நேராக மணப்பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள். அத்தை குறுக்கே வந்தாள். "செருப்பு எங்க? பின்னாடி போங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

அம்மா காலைத் தூக்கினாள். கீழே வைப்பதற்குள் 'புஸ்' என்று சத்தம் வந்துவிட்டது. ஆவி கிளம்பியது மணப்பெண்ணின் காலடியிலிருந்து. அவளுடைய ஷூவின் உயரமான குதிகள் கழன்று மேடையில் உருண்டன. "எங்கம்மா இங்கதான் நிக்கும்" என்றாள் அவள், அத்தையை முறைத்தபடி. அம்மாவும் மகளும் சேர்ந்து மிதித்த மிதியில் அத்தையின் சுருட்டை முடி தையல் நூல் மாதிரி நேராகத் தொங்கியது. ஃபோட்டோகிராபர் லென்ஸைத் துடைத்துவிட்டு, இருவரையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார்.

மகள் வீட்டில் இன்றுவரை இஸ்திரிப் பெட்டி வாங்கவில்லை. துவைத்த துணியைக் கூடையில் சேர்த்து வைக்கிறார்கள். கூடை நிரம்பியதும் மாப்பிள்ளை, முடி நேராகிப்போன தன் அத்தைக்கு ஃபோன் போடுகிறார்: "அத்தை, எப்ப வர்றீங்க?"